ஒன்பதாம் பிரேமும் ஏழு படிகளும்

பிப்ரவரி 1, திங்கள்

இன்று முற்பகல் பதினொன்று பத்துக்கு ஒரு முடிவு எடுக்கப்பட்டது. நூற்பாலைகளின் வரலாற்றை எழுதப்போகிறவர்கள் பின்னாளில் தேடக்கூடும் என்பதால் நேரத்தைக் குறித்துவைக்கிறேன். எங்கள் மில்லின் முதல் தரவட்டத்துக்குப் பெயர்ப்பலகையைப் பச்சை எழுத்தில் எழுதுவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஒரு கட்டத்தில் நீலம் முன்னணியில் இருந்தது.

தரவட்டம் என்பது நான்கு பேர் வெள்ளிதோறும் ஒரு மணி நேரம் கூடி, மில்லில் உள்ள ஒரு பிரச்சினையை ஏழு படிகளில் தீர்ப்பது. தலைவர், ஸ்பின்னிங் மாஸ்டர் வெங்கிடபதி சார். கோயமுத்தூரில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்க் கையேட்டோடு திரும்பியிருக்கிறார். செயலாளர், தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் தளவாய்சாமியாகிய நான். மூன்றாமவர் ஞானமுத்து, நூற்புக்கூடத்துக்கு ஈரக்காற்று அனுப்பும் ஹெச் பிளான்டைப் பார்த்துக்கொள்கிறவர். நான்காமவர் முத்துப்பேச்சி, ஒன்பதாம் ரிங் பிரேமின் சைடர். பிரேம் என்கிற நூற்கும் இயந்திரத்தின் நீளத்துக்கு நடந்துகொண்டே இருந்து, அறுந்த நூலை ஒட்டுவது அவர் வேலை. தொழிலாளர் தரப்பில் ஒருவர் வேண்டும் என்று கையேடு சொல்வதால் சேர்க்கப்பட்டார். ஏழு வருடமாக, நிரந்தரமாகாத பதிலியாகவே இருக்கிறார். மார்ச் 31-இல் நிரந்தரமாகிறவர்கள் பட்டியல் ஒட்டுவார்கள். இந்த வருடம் அவர் முறை என்று மாஸ்டரே சொல்லியிருக்கிறார்.

"நான் நின்னுக்கிடுதேன் சார்" என்றார் முத்துப்பேச்சி.

"வட்டத்துல எல்லாரும் சமம். உக்காரும்மா" என்றார் மாஸ்டர்.

நாற்காலியின் நுனியில் நாலு விரற்கடை இடத்தில் உட்கார்ந்தார். சமத்துவம் தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 2, செவ்வாய்

கையேட்டைப் படித்தேன். பிரச்சினையைத் தேர்ந்தெடு, வரையறு, தகவல் திரட்டு, காரணங்களைப் பட்டியலிடு, மூலகாரணத்தைக் கண்டுபிடி, தீர்வைச் சோதித்துப் பார், நிலைநிறுத்து. ஏழு. சுரம் ஏழு, கடல் ஏழு, கிழமை ஏழு. பிரச்சினைக்கும் ஏழு என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை. இருபத்திரண்டு வருடம் இந்த மில்லில் படியே இல்லாமல் எப்படி ஏறி இறங்கினோம் என்று யோசித்தபடி படுத்திருந்தேன்.

பிப்ரவரி 3, புதன்

முறையை முதலில் என் மேலேயே பிரயோகித்துப் பார்த்தேன். ஒருநாள் முழுக்க நான் செய்கிற வேலைகளை எழுதி, எதெதற்குப் படிவத்தில் கட்டம் இருக்கிறது என்று சரிபார்த்தேன். கட்டமே இல்லாத வேலைகள் நான்கு அகப்பட்டன. நாட்காட்டித் தாளைக் கிழிப்பது, பென்சில் சீவுவது, ஈரமானியின் குப்பிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாசலில் வாட்ச்மேனிடம் ஊர்நிலவரம் கேட்பது. கட்டமில்லாத வேலை வேலையல்ல. நான்கும் நீக்கப்பட்டன. தினமும் பதினோரு நிமிடம் மிச்சம். அந்தப் பதினோரு நிமிடத்தில் கூட்டக் குறிப்புகளைச் செம்மையாக எழுத முடிகிறது.

பிப்ரவரி 5, வெள்ளி

முதல் படி. பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கக் கூடினோம். பிரச்சினை கிடைக்கவில்லை.

"பிரச்சினை இல்லன்னா நல்லதுதான சார்?" என்றார் முத்துப்பேச்சி.

"வட்டம் இருக்கு, பலகை வந்தாச்சு. பிரச்சினை இல்லன்னா எப்பிடிம்மா?" என்றார் மாஸ்டர். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

கேன்டீன் டீ தண்ணியாக இருக்கிறது என்றார் ஞானமுத்து. அது கேன்டீன் கமிட்டியின் பிரச்சினை. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்றார் முத்துப்பேச்சி. அது சிவில் பிரிவின் பிரச்சினை. நமக்கென்று ஒன்று வேண்டும். அடுத்த வாரத்துக்கு ஒத்திவைத்தோம்.

பிப்ரவரி 9, செவ்வாய்

ஈரப்பதம் காலை பத்து மணிக்கு 64, பிற்பகல் மூன்று மணிக்கு 67. காற்றில் ஈரம் இருந்தால்தான் நூல் அறாது; வழக்கமாக 58-ஐத் தாண்டாது. வட்டம் தொடங்கியதிலிருந்தே எல்லாம் மேம்படுகிறது.

வீட்டில் சோறு அடிப்பிடித்திருந்தது. மூலகாரணத்தைக் காண ஐந்து முறை 'ஏன்' கேட்க வேண்டும் என்பது ஐந்தாம் படி. மனைவி செண்பகத்திடம் கேட்டேன். ஏன் அடிப்பிடித்தது? கவனிக்கவில்லை. ஏன் கவனிக்கவில்லை? வாசலில் நின்றேன். ஏன் வாசலில் நின்றாய்? தண்ணீர் லாரி வந்தது. ஏன் நீ போனாய்?

"நீங்க உள்ள ஒக்காந்து கட்டம் போட்டுட்டு இருந்தீக. அதான்."

ஐந்தாவது ஏனைக் கேட்கவில்லை. வீட்டு உபயோகத்துக்கு நான்கே போதும் என்று தோன்றுகிறது.

பிப்ரவரி 12, வெள்ளி

பிரச்சினை கிடைத்துவிட்டது!

நூல் அறுகிறது. நூல் சுற்றும் கதிர்கள் நூறுக்கு மணிக்கு மூன்று அறுந்தால் அது ஆரோக்கியம். நேற்றுக் கணக்கெடுத்தபோது ஏழு. எந்த பிரேமை ஆய்வுக்கு எடுப்பது என்பதில் விவாதம் நடந்தது. கூடத்தில் இருபத்தாறு பிரேம்கள் இருக்கின்றன. படிவத்தில் ஒரு பிரேமுக்குத்தான் இடம். என் மேசைக்குப் பக்கத்தில் இருப்பதாலும், அதன் சைடர் வட்டத்திலேயே உறுப்பினர் என்பதாலும் ஒன்பதாம் பிரேம் தேர்வாயிற்று.

"எல்லா பிரேமும்தான் சார் அறுக்குது" என்றார் முத்துப்பேச்சி. "காத்து காஞ்சு கெடக்கு. ஒதடு வெடிக்கி. கையில பஞ்சு ஒட்டிக்கிட்டு விழ மாட்டேங்கி."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் ஈரமானிப் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். இன்று காலை 79. இந்த மில் தொடங்கிய நாளிலிருந்து இப்படி ஓர் ஈரம் பதிவானதில்லை.

"ஒதடு தகவல் ஆவாதும்மா" என்றார் மாஸ்டர், கனிவாக.

பிப்ரவரி 15, திங்கள்

ஈரப்பதம் 88. வழக்கம்போல் சீட்டு எழுதி ஹெச் பிளான்டுக்கு அனுப்பினேன். சீட்டில் உள்ள எண்ணைப் பார்த்து, ஈரம் கூடினால் தண்ணீர் தூவும் பம்பை நிறுத்துவதும், குறைந்தால் ஓட்டுவதும் ஞானமுத்துவின் வேலை. மதியம் அவரே நேரில் வந்தார்.

"அண்ணாச்சி, எம்பத்தெட்டுன்னா உள்ள மழைல்ல பெய்யணும்? நான் ரெண்டு பம்பையும் நிறுத்தி ஆறு நாளாச்சு. இன்னும் ஏறுதுங்கியளே."

"சீட்டுல என் கையெழுத்து இருக்கா?"

"இருக்கு."

"அப்போ என்ன சந்தேகம்?"

அவர் போய்விட்டார். பம்பு நின்றதால் மின்சாரம் மிச்சமென்று மேலாளர் தொலைபேசியில் பாராட்டியதாகக் கேள்வி. நாம் எதையும் செய்யாமலே முறை நன்மைகளைப் பொழிகிறது.

பிப்ரவரி 19, வெள்ளி

நான்காம் படிக்கு மீன்முள் படம் வரைய வேண்டும். நடுவே முதுகெலும்பு, இருபுறமும் காரணங்கள் முட்களாக. மாஸ்டர் வெள்ளிக்கிழமை விரதம். படம் சனிக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பிப்ரவரி 20, சனி

வரைந்தோம். இயந்திரம், பொருள், முறை, மனிதர் என்று நான்கு முட்கள். நான் எழுதிய சித்திரங்களில் இதைப் போல் ஒன்றில்லை. சார்ட் அட்டையில் ஆறடி நீளத்துக்கு அது கிடந்தபோது, மில்லின் சகல துன்பங்களும் எலும்பாகிக் கிடப்பதுபோல் இருந்தது.

"கண்ணு போடலியே சார்" என்றார் முத்துப்பேச்சி. போட்டோம்.

பிறகு ஒவ்வொரு முள்ளாக நீக்கினோம். இயந்திரம்: ஃபிட்டர் சரியென்று கையெழுத்திட்டிருக்கிறார். பொருள்: பஞ்சு சரியென்று நானே கையெழுத்திட்டிருக்கிறேன். முறை: ஈரப்பதம் 91, குறை சொல்ல இடமில்லை. மிஞ்சியது மனிதர். ஒன்பதாம் பிரேமில் மனிதர் ஒருவர்தான்.

மாஸ்டர் பென்சிலை என்னிடம் கொடுத்தார். மனிதர் முள்ளின் நுனியில் 'முத்துப்பேச்சி' என்று எழுதினேன். அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். படித்தார்.

"என் கையிலயா சார் நூல் அறுக்குது?"

"நாங்க சொல்லலம்மா. படம் சொல்லுது."

"படத்துக்கு நான் என்ன செஞ்சேன்?"

இந்தக் கேள்விக்குக் கையேட்டில் பதில் தேடினேன். இல்லை.

பிப்ரவரி 22, திங்கள்

மாஸ்டர் மேலாளருக்குக் குறிப்பு அனுப்பிவிட்டார். 'ஒன்பதாம் பிரேமில் நூல் அறுபடுவதற்குக் காரணம்: மனிதர்.' முத்துப்பேச்சி இன்றிலிருந்து கழிவுப்பஞ்சு பொறுக்கும் பிரிவில். காரணம் தீரும்வரை நிரந்தரப் பட்டியலில் பெயர் சேராது.

போகும்போது என் மேசைக்கு வந்தார். "சார், வெள்ளிக்கிழமை வட்டத்துக்கு நான் வரணுமா?"

உறுப்பினர் இடம் காலியாக இருக்கக் கூடாது என்று கையேடு சொல்கிறது. வரவேண்டும் என்றேன்.

"சரி. ஏழு வருசமா நின்னுக்கிட்டே இருந்த காலு. அந்த ஒரு மணி நேரமாவது உக்காருதேன்."

ஈரப்பதம் 94.

பிப்ரவரி 26, வெள்ளி

ஆறாம் படி: தீர்வைச் சோதித்துப் பார். ஒன்பதாம் பிரேமுக்கு இசக்கியம்மாள் என்ற நிரந்தர சைடரை மாற்றினோம். கை வேகத்துக்குப் பேர்போனவர். நாலு நாள் கணக்கெடுத்தேன்.

பன்னிரண்டு. முத்துப்பேச்சி இருந்த கடைசி வாரத்தில் பதினொன்று.

"புது பிரேம், பழகலை. டிக் போட்டிரும்யா" என்றார் மாஸ்டர். மே மாதம் மண்டலத் தரவட்ட மாநாடு; நம் ஆறடி மீனைக் கோயமுத்தூரில் மேடையேற்ற இடம் கேட்டு எழுதிவிட்டாராம்.

டிக் போடப் பேனாவை எடுத்தேன். ஆறாம் படிக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. இதுவரை கண்ணில் படவில்லை. 'விளைவு மாறவில்லையெனில் மூன்றாம் படிக்குத் திரும்புக.'

எத்தனை எளிமை! தவறு செய்வோம் என்று முன்கூட்டியே தெரிந்து, திட்டாமல், திரும்பி வர ஒரு வழியும் வைத்திருக்கிறது. மதங்களில்கூட இதற்கு இத்தனை கருணையான ஏற்பாடு நான் கண்டதில்லை. டிக் போடவில்லை.

மார்ச் 3, புதன்

மூன்றாம் படிக்குத் திரும்பினேன். படிவத்தில் இடமில்லாததால் பழுப்புத் தாளில் கட்டம் போட்டு, இருபத்தாறு பிரேமுக்கும் கணக்கெடுத்தேன். மூன்று நாள் பிடித்தது. பத்து, பன்னிரண்டு, பதினொன்று, பதின்மூன்று. ஒன்பதாம் பிரேம் ஒன்றும் தனித்துத் தெரியவில்லை. எல்லாமே அறுக்கின்றன.

சைடர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதமாக என் மேசையைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறார்கள். "இப்பமாச்சும் எந்திரிச்சு வந்தீகளே சார்" என்றார் இசக்கியம்மாள், நிற்காமல்.

மார்ச் 4, வியாழன்

கழிவுப்பஞ்சுப் பிரிவுக்குப் போனேன். முத்துப்பேச்சி குவியல் முன் குந்தியிருந்தார்.

"பேச்சி, காத்து காஞ்சிருக்குன்னு சொன்னியே. எதை வச்சுச் சொன்ன?"

"தோலை வச்சுத்தான் சார். வேற என்ன இருக்கு எங்கிட்ட?" கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பஞ்சு ஒட்டியிருந்தது. ஊதினார். விழவில்லை. "ஈரம் இருந்தா இது விழும். சின்னப்பிள்ளையா வேலைக்கு வந்தப்பவே ஆச்சிமாருக சொல்லித்தாரது. நீங்க கருவி வச்சிருக்கீக, எங்களுக்கு இதுதான்."

கருவி சொல்வது வேறு என்பதை அவருக்குக் கையோடு நிரூபித்துவிடலாம் என்று மேசைக்குத் திரும்பி, ஈரமானியைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துப் போகப் பார்த்தேன். லேசாக இருந்தது.

குப்பியில் தண்ணீர் இல்லை. ஓர் எறும்பு இருந்தது. அதுவும் காய்ந்துபோயிருந்தது.

ஈரமானியைத் திரும்ப மாட்டிவிட்டேன்.

மார்ச் 5, வெள்ளி

தலைவலி. விடுப்பு.

மார்ச் 6, சனி

விடுப்பு. செண்பகம் என்ன விஷயம் என்று ஐந்து முறை கேட்டாள்.

மார்ச் 8, திங்கள்

மற்றவர்கள் வருமுன் ஏழு மணிக்கே போய்விட்டேன்.

ஈரமானியில் இரண்டு வெப்பமானிகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் குமிழ் வெறுமனே. இன்னொன்றின் குமிழில் துணித்திரி சுற்றி, அதன் வால் தண்ணீர்க் குப்பிக்குள். காற்று காய்ந்திருந்தால் திரியின் ஈரம் விரைவாக ஆவியாகி, அந்தக் குமிழ் குளிரும். இரண்டுக்கும் இடைவெளி விழும். இடைவெளி குறையக் குறைய, காற்றில் ஈரம் அதிகம் என்று அட்டவணை சொல்லும். திரியே காய்ந்துவிட்டால் இரண்டும் ஒன்றையே காட்டும். நூறு சதவீதம் ஈரம் என்று அட்டவணை படிக்கும். பாலைவனத்தில் வைத்தாலும் அப்படித்தான் படிக்கும். இதை இருபத்திரண்டு வருடத்துக்கு முன் ஒரு தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

குப்பியில் தண்ணீர் ஊற்றினேன். திரியின் வழியே ஈரம் ஏறியது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பாதரசம் இறங்கத் தொடங்கியது. முப்பத்திரண்டு, முப்பது, இருபத்தெட்டு. யாரும் தொடவில்லை, தள்ளவில்லை. ஒரு மெல்லிய வெள்ளிக்கம்பி, உண்மை எங்கே இருக்கிறதோ அதுவரை தானாக இறங்கிக்கொண்டே போயிற்று. இருபத்து மூன்றில் நின்றது. அட்டவணையைப் பார்த்தேன். ஈரப்பதம் 46.

வாயைத் திறந்தபடி நின்றிருக்க வேண்டும். கூட்டிப் பெருக்குகிற அம்மா, "சாமி கும்பிடுதீகளா சார்?" என்று கேட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார்.

சீட்டில் 46 என்று எழுதி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் இரண்டு பம்புகளும் ஓடும் சத்தம் கேட்டது.

மார்ச் 11, வியாழன்

எல்லா பிரேமிலும் நான்கு. சில இடங்களில் மூன்று.

ஐந்து ஏன்களை எழுதத் தொடங்கினேன். ஏன் நூல் அறுந்தது? காற்றில் ஈரம் இல்லை. ஏன் இல்லை? பம்புகள் நிறுத்தப்பட்டன. ஏன் நிறுத்தப்பட்டன? ஈரமானி ஈரம் அதிகமென்று காட்டியது. ஏன் அப்படிக் காட்டியது? குப்பியில் தண்ணீர் இல்லை.

இன்று இதுவரை.

மார்ச் 12, வெள்ளி

மாஸ்டர் ஊரில் இல்லை. கூட்டம் இல்லை. பென்சில்கள் அனைத்தையும் சீவினேன்.

மார்ச் 17, புதன்

ஞானமுத்து டீக்கடையில் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, நூறுலருந்து ஒரே நாள்ல நாப்பத்தாறு. காத்துக்கு என்ன, மாரடைப்பா?"

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும். நான் கேக்கல. ஆனா அந்தப் பிள்ளை இன்னும் பஞ்சு பொறுக்குது. பட்டியல் இருபத்தேழாந் தேதி ஆபீசுக்குப் போகுது."

டீ தண்ணியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 22, திங்கள்

மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தண்ணி ஊத்தியாச்சுல்ல? நூல் அறுக்குறது நின்னாச்சுல்ல? முடிஞ்சது. மேல குறிப்பு போயிருச்சுய்யா, மனிதர்னு. மாநாட்டுல நமக்கு இடம் குடுத்துட்டாங்க. இப்பப் போயி எங்க செயலாளர்தான் காரணம்னா, சிரிக்க மாட்டானா? அடுத்த வருசப் பட்டியல்ல பேச்சியப் பாத்துக்கிடுவோம்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து, அதில் எத்தனை நியாயம் இருக்கிறதென்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் படிவத்தில் ஐந்தாவது கட்டம் காலியாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு கட்டத்தையும் காலியாக விட்டதில்லை.

மார்ச் 26, வெள்ளி

வட்டம் கூடியது. நால்வரும் வந்திருந்தோம். செயலாளர் என்ற முறையில் திருத்திய படிவத்தை வாசித்தேன். நான்கு ஏன்களையும் வாசித்துவிட்டு ஐந்தாவதற்கு வந்தேன். குப்பியில் ஏன் தண்ணீர் இல்லை? 'தளவாய்சாமி ஊற்றவில்லை. படிவத்தில் கட்டமில்லாத வேலை என்று பிப்ரவரி 3-ஆம் தேதி நிறுத்திவிட்டார்.'

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். "பேரு எழுதக் கூடாதுய்யா. 'ஆளைக் குறை சொல்லாதே, முறையைப் பார்'னு கையேட்டுல முதல் பக்கத்துலயே இருக்கு."

"போன மாசம் மனிதர் முள்ளுல பேரு எழுதினோமே சார்."

"அது பென்சில்ல எழுதினது."

"இது பேனா சார்" என்றேன். மை இன்னும் காயவில்லை.

ஞானமுத்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. முத்துப்பேச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஆயத்தமாகவும் வந்திருந்தேன்.

"ஒரு குப்பித் தண்ணி" என்றார். "ஒரு குப்பித் தண்ணிக்கு ஒரு மாசம் என்னைய நானே சந்தேகப்பட்டேன் சார். வீட்டுல போயி விளக்குத் திரி நூலை எடுத்து முடிஞ்சு முடிஞ்சு பாத்தேன், கை போயிருச்சோன்னு."

குறிப்பேட்டில் இதை எழுதக் கட்டம் தேடினேன். இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிறகு அவர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஏழாவது படி என்ன சார்? அதையும் படிங்க."

நிலைநிறுத்து. படித்தேன். குப்பிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்குப் பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்க்கத் தீர்மானம். ஆதரவு மூன்று. மாஸ்டர் வாக்களிக்கவில்லை. முதன்முறையாக ஏழு படிகளும் ஏறி முடித்திருக்கிறோம். மேலே நின்று பார்த்தால் எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிகிறது.

படிவத்தை மேலாளர் அறையில் நானே கொடுத்தேன். ஐந்தாவது கட்டத்தை அவர் இரண்டு முறை படித்தார்.

மார்ச் 31, புதன்

காலை ஒன்பது மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். பதினான்கு பெயர்கள். பதினோராவது முத்துப்பேச்சி. அறிவிப்புப் பலகையில் பக்கத்திலேயே இன்னொரு தாளும் இருந்தது. நாளை முதல் எனக்குக் கேட்டில் டோக்கன் கொடுக்கும் வேலை. மூன்றாம் ஷிப்ட்.